ஒரு காது நீங்கலாக அனைவரும் நலம்

கிழக்கேகோட்டை,
திருவனந்தபுரம்,
24-10-1956.

மதிப்பிற்குரிய அகராதி ஆசிரியர் திரு. பூதலிங்கம் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் அகராதிக்கு வீட்டிலிருந்தபடியே பொருள் எழுதி அனுப்பும் லீலாபாய், பி.ஏ., பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே ஒரு காது நீங்கலாக அனைவரும் நலம். நாகர்கோவிலில் தங்கள் நலத்தையும், அகராதியின் நலத்தையும், தாங்களே பொங்கித் தாங்களே சாப்பிடும் வடசேரி வீட்டின் நலத்தையும் அறிய ஆவல்.

தங்கள் பதினேழாம் தேதிக் கார்டு கிடைத்தது. ‘கிளாஸ்ப்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சீட்டும், அதற்குக் கீழே ‘கிளட்ச்’ வரைக்குமான சீட்டுகளும் இரண்டு மாதமாக வரவில்லை என்றும், அச்சாபீஸில் எழுத்துக் கோப்பவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றும், “இப்படிக்கு, ஆசிரியர்” என்றும் எழுதியிருந்தீர்கள். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உமையம்மைக்குக் காது குத்த நாள் பார்த்திருக்கிறோம், தாய்மாமன் வந்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று என் கணவர் எழுதிய கடிதத்துக்கு ஒரு வரியாவது பதில் இருக்குமோ என்று விலாசம் எழுதிய பக்கத்திலும் பார்த்தேன். தபால் முத்திரைதான் இருந்தது. ஆகவே கார்டு எழுதியவர் ஆசிரியர்தான், வேறு யாரும் அல்ல என்று முடிவு செய்து, ஆசிரியருக்கே சீட்டுகள் தாமதமான காரணத்தை விவரமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆசிரியருக்கு என் குடும்பத்தைத் தெரிந்திருக்க நியாயமில்லை. என் கணவர் தாணுலிங்கம் செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா. மாமியார் பகவதியம்மாளை நான் அத்தை என்று கூப்பிடுவேன். பெண் குழந்தை உமையம்மைக்குப் பதினோராம் மாதம் நடக்கிறது, நான்கு பல் இருக்கிறது. இவர்கள் போக எனக்கு நாகர்கோவிலில் ஓர் அண்ணன் உண்டு. அவனைப் பற்றிப் பின்னால் வரும்.

அந்தச் சீட்டில் தங்கள் பச்சை மையால் மூன்று எண் போட்டு இடம் விட்டிருந்தீர்கள். ஒன்று, இரண்டு முனைகளைப் பூட்டி வைக்கும் சாமான். இரண்டு, கையால் இறுகப் பற்றுவது. மூன்று, இரண்டு கைகளாலும் மார்போடு சேர்த்துக்கொள்வது. ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விளங்குகிற மாதிரி ஒரே ஒரு தமிழ்ச் சொல் எழுத வேண்டும் என்பது தங்கள் சட்டம். ‘கிளாப்’, ‘கிளாஷ்’ எல்லாம் உலையில் அரிசி வேகிற நேரத்துக்குள் முடித்தேன். இதில் வந்து நின்றுபோனேன். முதல் அர்த்தத்துக்கு வீட்டில் விசாரித்தது என் தப்பு. சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் எங்கள் சித்தி மகன் ஐயப்பன், கதவுக்கா பெட்டிக்கா என்று தெரியாமல் பேர் சொல்வதற்கில்லை, கதவுக்கென்றால் நாதாங்கி, பெட்டிக்கென்றால் கொண்டி, மலையாளத்தில் கேட்டு வருகிறவர்களுக்கு எல்லாமே கொளுத்துத்தான், எத்தனை வேண்டும் என்றான். ஆபீஸிலிருந்து வந்த என் கணவர், சர்க்காரில் அதைக் கிளிப் என்று ஒப்புக்கொண்டு பல வருஷமாகிறது, இதில் இனி விவாதத்துக்கு இடமில்லை என்றார். அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, “கொக்கி” என்றார். அதோடு வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. ஏனென்றால் அந்தச் சாமானை வைத்து எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு காரியம் நடந்திருக்கிறது. ஆசிரியர் அறியமாட்டீர்கள். என் அண்ணன் அறிவான்.

மார்கழியில் குழந்தைக்கு இருபத்தெட்டாம் நாள் வந்தது. இந்த ஊரில் அன்றைக்குக் குழந்தையின் இடுப்பில் அரைஞாண் கட்டுவார்கள். என் அண்ணன் பொன்னில் கொண்டுவந்தான். நூலைக் கோத்து முடிச்சுப் போடுகிற பழைய மாதிரி இல்லை. அழுத்தினால் திறந்து, விட்டால் மூடிக்கொள்ளும் கொக்கி வைத்த புது மாதிரி. அத்தை அதைக் கையில் வாங்கி இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “இருபத்தெட்டு கெட்டுன்னாக்கும் பேரு. மாட்டுன்னு ஆரும் சொல்லிக் கேட்டதில்ல” என்றார். அவ்வளவுதான் சொன்னார். சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். என் அண்ணன் சிரிக்கவில்லை. கட்டுதல் என்றால் இணைத்தல், இணைத்தல் என்றால் பூட்டுதல், ஆகையால் மாட்டுவதும் கட்டுவதும் ஒரே வினையின் இரண்டு முகம் என்று, இலை போட்டுக் காத்திருந்த இருபது பேருக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றபடி விளக்கினான். பருப்பு ஆறியது. விளக்கி முடித்து, தானே குனிந்து குழந்தையின் இடுப்பில் மாட்டியும் காட்டினான். அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “புஸ்தகத்துல கெட்டினா பிள்ளைக்க இடுப்புல நிக்காது தம்பி” என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, குழந்தை காலை உதைத்தது, கொக்கி வாயைத் திறந்தது, அரைஞாண் வழுக்கிப் பாயில் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்துத் தொலைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். என் அண்ணன் போட்ட இலையில் உட்காராமல் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டான். நான் பிள்ளை பெற்ற உடம்போடு வாசல் வரை போய்க் கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பத்து மாதமாகிறது. அதன்பின் அவனிடமிருந்து வருவது சீட்டுகள் மட்டும்தான். அதுவும் ஆசிரியர் அனுப்புகிறார்.

இப்போது காது விஷயம். குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும் என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும். தாணுலிங்கத்துக்கும் மடி இருக்கிறது, அவருக்கும் குழந்தை பெரிய பாரமில்லை. ஆனாலும் வழக்கம் அப்படி இல்லை. வலிக்கிற நேரத்தில் தாய் வீட்டுக் கை ஒன்று பிடித்திருக்க வேண்டும் என்று நினைத்து யாரோ ஏற்படுத்தியிருப்பார்கள். ஜோசியர் பதினோராம் மாதம் என்றார். அதை விட்டால் மூன்றாம் வயதுதான் என்றார். மாதம் வருகிற திங்கட்கிழமையோடு முடிகிறது. அதற்கு அடுத்த வியாழக்கிழமை நவம்பர் முதல் தேதி. நாகர்கோவில் சென்னை ராஜ்யத்துக்குப் போகிறது, நாங்கள் இங்கேயே கேரளத்தில் இருக்கிறோம். என் அண்ணன் ஊர்வலத்தில் எல்லாம் போய்க் கேட்டு வாங்கியதுதான், அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அத்தை பேப்பரைப் பார்த்துவிட்டு, “மாமன் ஒரு ராஜ்யம், மருமக ஒரு ராஜ்யமா?” என்று கேட்டபோது எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. எல்லை போட்டால் பஸ் ஓடாமல் இருக்காது என்று பி.ஏ. படித்த புத்திக்குத் தெரிகிறது. வயிறு பி.ஏ. படிக்கவில்லை.

கடிதத்துக்குப் பதில் வராததால், நேற்று முன்தினம் திங்கட்கிழமை, ஐயப்பனை மாமனாக உட்கார்த்துவது என்று தீர்மானமாயிற்று. சித்தி மகன் என்றால் அவனும் மாமன் முறைதானே. பட்டு வேட்டி கட்டி, சந்தனம் பூசி, கடையில் கதவு பிடிக்கிற சாமான், பெட்டி பிடிக்கிற சாமான், உத்தரம் பிடிக்கிற சாமான் எல்லாம் விற்கிற தைரியத்தில் வந்து உட்கார்ந்தான். காது குத்த வந்த ஆசாரி ஊசியை எடுத்தவுடனே அவன் கண்ணை மூடிக்கொண்டான். “சேத்துப் பிடியும்வே” என்றார் ஆசாரி. பிடித்தான். பெண்பிள்ளைக்கு இடது காது முதலில். குத்தியாயிற்று, பொட்டுக் கம்மலை இட்டுத் திருகும் போட்டாயிற்று. குழந்தை அழுத அழுகையில் தெருவில் போன வண்டிக்காரர் நின்று பார்த்தார். “சேத்துப் பிடியும்வே, பிள்ளை நழுவுகு” என்று ஆசாரி இரண்டாம் தடவை சொன்னபோது ஐயப்பன் கண்ணைத் திறந்தான். காது நுனியில் கடுகளவு ரத்தம் இருந்தது. அதைப் பார்த்தான். பார்த்தவன் அவசரப்படாமல் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்துவிட்டான். நான் பாய்ந்து குழந்தையைப் பிடித்தேன். ஆசாரி ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பிடிக்க ஆளில்லாமல் இன்னொரு காதைத் தொடமாட்டேன், ஊசி கண்ணில் பட்டால் யார் பதில் சொல்வது என்றார். அவர் சொன்னது நியாயம்.

அப்போதுதான் என் கணவருக்கு அந்த யோசனை வந்தது. சர்க்காரில் ஒருவர் லீவில் போனால் வேலை நின்றுபோவதில்லை. அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தின் பேரில் இன்னொருவர் சார்ஜ் எடுத்துக்கொள்வார். மாமன் லீவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாமன் கைப்பட எழுதிய காகிதம் வீட்டில் ஒரு கட்டு இருக்கிறது. அதை மடியில் வைத்து அதன்மேல் குழந்தையை வைத்தால் சார்ஜ் எடுத்த மாதிரிதான் என்றார். நான் படித்தவள், இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. என் கண் அத்தையைப் பார்த்தது. அத்தை நன்றாக யோசித்துவிட்டு, “ராசாவுக்கு வர முடியல்லன்னா வாளு வருகில்லியா? வாளு வந்தா ராசா வந்ததாக்கும். எழுத்து வந்தா மாமன் வந்ததாக்கும். எடுத்துட்டு வாட்டி” என்றார். போய் எடுத்துவந்தேன். ‘கிளாஸ்ப்’ முதல் ‘கிளட்ச்’ வரை, தங்கள் பச்சை மையில் எழுதிய தலைச்சொற்களும், நான் இரண்டு மாதம் விழித்து எழுதிய பொருள்களுமாக ஒரு கட்டு. அதை என் கல்யாணப் பட்டின் மேல் வைத்து, பட்டை என் கணவர் மடியில் வைத்து, குழந்தையை அதன்மேல் உட்கார்த்தினோம். குழந்தை அழுகையை நிறுத்தியது. உண்மையாகவே நிறுத்தியது. மேலே இருந்த சீட்டை ஐந்து விரலாலும் பற்றிக்கொண்டு, அதில் எழுதியிருப்பதை வாசிக்கிற மாதிரி பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை, “பாத்தியா, மாமன் எழுத்து தெரியுகு அதுக்கு” என்றார். ஆசாரி ஊசியை மறுபடியும் எடுத்தார். அந்தச் சமயம் பார்த்துக் குழந்தை மூத்திரம் போயிற்று.

அதற்குப்பின் நடந்ததை நீட்ட வேண்டியதில்லை. மை பச்சை ஆறாக ஓடி அவர் வேட்டியில் இறங்கியது. எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை. நான் குழந்தையைத் தூக்குவதா சீட்டைத் தூக்குவதா என்று ஒரு வினாடி தயங்கினேன் என்பதை ஆசிரியருக்கு மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஆசாரி பெட்டியைப் பூட்டி எழுந்துகொண்டார். “அம்மா, எனக்குக் காகிதம் வேண்டாம். மாமன் ஆளு வரும்போ கூப்பிடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். சீட்டுகள் இந்த வாரமும் வராததற்குக் காரணம் இதுதான். முற்றத்துக் கொடியில் வரிசையாகக் காயப் போட்டிருக்கிறேன். காய்ந்த பின்னும் அவற்றில் வாசிக்க ஒன்றும் இருக்காது.

குழந்தை இப்போது ஒரு காதில் கம்மலோடு இருக்கிறாள். தூங்கும்போது இடது கை தானாகக் காதுக்குப் போகிறது. இழுத்துவிடுவாளோ என்று கையைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் கிடக்கிறேன். திருகு கழன்று வாய்க்குள் போய்விடுமோ என்று மணிக்கொரு தடவை எண்ணிப் பார்க்கிறேன். இருப்பது ஒரு திருகு, அதை எண்ணுகிறேன். சீழ் பிடிக்குமோ என்று தேங்காயெண்ணெய் தடவுகிறேன், தடவியதால் சீழ் பிடிக்குமோ என்று துடைக்கிறேன். நேற்றுப் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் விடலை போடப் போனபோது, ஒரு நாயர் வீட்டு அம்மாள் குழந்தையைக் கொஞ்சிவிட்டு, “மற்றே காதினு எந்து பற்றி?” என்று இன்னொரு காதைக் காட்டிக் கேட்டாள். “அம்மாவன் வந்நிட்டில்ல”, மாமன் இன்னும் வரவில்லை என்றேன்.  என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாவது அர்த்தத்துக்கு முதலில் ‘தழுவுதல்’ என்று எழுதியிருந்தேன். அழகான சொல். ஆனால் எங்கள் வீட்டில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘அணைத்தல்’ என்று மாற்றினேன். விளக்கை அணைப்பது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும் என்று அடித்தேன். இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. திங்கட்கிழமை ஆசாரி வாயிலிருந்து அது தானாக வந்தது. சேர்த்துப் பிடித்தல். ஆசிரியர் சம்மதித்தால் அதையே போட்டுவிடலாம். மற்றச் சீட்டுகளைப் பிறகு எழுதித் தருகிறேன். இந்த ஒன்றை இந்தக் கடிதத்திலேயே வைத்துக்கொள்ளவும்.

அண்ணா, இதற்கு மேல் ஆசிரியர் அவர்களே என்று எழுத என்னால் ஆகவில்லை. நீ வா. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. அத்தை மன்னிப்புக் கேட்கமாட்டார், அவரிடம் அதை எதிர்பார்க்காதே. அவர் என் மாமனாரிடமே கேட்டதில்லையாம். நீயும் கேட்க வேண்டாம். வந்து உட்கார்ந்து, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, குத்தியதும் போய்விடு, தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். அம்மாவும் அப்பாவும் போனபின் எனக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருவதற்கு இருக்கிற ஒரே ஆள் நீ. நீ வராவிட்டால் தெருவில் ஒருத்தரும் என்னை ஒன்றும் சொல்லமாட்டார்கள், அந்த நாயர் அம்மாள் மாதிரி தோளைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. ஐயப்பன் இன்னொரு தடவை உட்காருகிறேன், இந்தத் தடவை கண்ணே திறக்கமாட்டேன் என்று நேற்று வந்து கெஞ்சினான். நான்தான் வேண்டாம் என்றேன். அந்தக் காதையும் அவன் மடியில் குத்திவிட்டால், பிறகு நீ இந்த வீட்டுக்கு வருவதற்கு என்ன காரணம் மிச்சமிருக்கும்? ஒன்றும் இருக்காது. அதனால் ஒரு காதை எடுத்து வைத்திருக்கிறேன். பெற்றவள் செய்கிற காரியமா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை அண்ணா. வா.

குழந்தை உன்னை நமஸ்கரிக்கிறாள். அதாவது கவிழ்ந்து படுத்திருக்கிறாள். உன் மாப்பிள்ளை தம் பச்சை வேட்டியுடன் தம் மரியாதையைத் தெரிவிக்கச் சொன்னார். அத்தையின் ஆசியையும் எழுதுகிறேன். அவர் சொல்லவில்லை, ஆனால் கீரை உருவுவதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். அச்சாபீஸில் எழுத்துக் கோப்பவருக்கு என் வணக்கம். அவரைக் காக்க வைத்ததற்கு வருத்தம்.

இப்படிக்கு,
உன் தங்கை
லீலா

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். இதை ஒட்டப் போகும்போது அத்தை, இவ்வளவு நீளமாக என்ன எழுதினாய் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் உன் மாப்பிள்ளை வாங்கி முழுவதையும் உரக்க வாசித்துவிட்டார், அத்தை மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டதில்லை என்று நான் எழுதியது உட்பட.  அத்தை கீரைத் தட்டை ஒதுக்கி வைத்தார். பிறகு, “நான் அன்னைக்குச் சொன்னது தப்பில்ல. ஆனா அவன் சாப்பிடாம எறங்கிப் போனது எனக்க வீட்டுல இருந்தாக்கும்” என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “வரச் சொல்லி எதுக்குட்டி எழுதுக? மடி அங்கதான இருக்கு. பிள்ளைய அங்க கொண்டு போவோம்” என்றார். தகப்பன் வீட்டில் அல்லவா குத்த வேண்டும், அதுதானே வழக்கம் என்று உன் மாப்பிள்ளை கேட்டார். வழக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ லீவு எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டார். ஆசாரிக்கும் ஆள் போயாயிற்று, அவரும் ஊசிப் பெட்டியோடு வருகிறார். பாயசத்துக்கு அடை ஊறுகிறது. நாளை வியாழன் முதல் பஸ்ஸில் எல்லோரும் புறப்படுகிறோம். தபால் எங்களுக்கு முன்னால் வந்து சேராமல் போய்விடுமோ என்று பயந்து, சரக்கு எடுக்க இன்று சாயங்காலம் அங்கே வருகிற ஐயப்பன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஆகையால் மேலே நான் வா என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் எங்கும் போகாதே என்று திருத்தி வாசிக்கவும். பத்து மணிக்குள் வந்துவிடுவோம். மேஜையில் போய் உட்கார்ந்துவிடாதே. பாய் போட்டு, கிழக்கே பார்த்து, சம்மணம் கூட்டி உட்கார்ந்திரு. மடியில் ஒன்றும் இருக்க வேண்டாம்.